சத்தமே கொடுக்காத மதர்போர்டு

என் கணவருக்குக் கண்ணழுத்த நோய். பார்வை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிவந்து, ஐம்பது வயதுக்குள் முழுசாகப் போய்விட்டது. அதற்கு முன்பு காரைக்கால் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஹார்டுவேர் வகுப்பு எடுத்தார். இப்போது வீட்டில் இருந்தபடி, ஆராய்ச்சிக்காரர்கள் பதிவுசெய்து அனுப்பும் பேட்டிகளைக் கேட்டு டைப் செய்து கொடுக்கிறார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று காதில் பேசிக்கொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் வேலை.

அந்த வேலைக்கு இருந்த பழைய டெஸ்க்டாப் போன மழைக்காலத்தில் படுத்துவிட்டது. எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். உப்புக்காற்று பட்டுப்பட்டு மதர்போர்டின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. பாரிஸில் இருக்கும் என் அண்ணன் ஒரு லேப்டாப் வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேணாம்னு சொல்லிடு. நானே ஒண்ணு அசெம்பிள் பண்ணிக்கிறேன். கண்ணுதான போச்சு, கை இருக்குல்ல."

சென்னைக் கடைகளிலிருந்து ஒவ்வொரு பாகமாகக் கூரியரில் வந்தது. எந்த பிராசசருக்கு எந்த போர்டு, எந்த ராம் மெமரி என்று போனைப் பேசவிட்டுக் கேட்டு அவரே தேர்ந்தெடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து உட்கார்ந்துவிட்டார். நான் கீழவாஞ்சூரில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு பார்க்கிறவள். இந்த வேலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். அவர் விரல் நுனியால் போர்டு முழுக்க ஒரு தரம் தடவினார். எந்த இடத்தில் எது என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அப்புறம் கை தயங்கவே இல்லை. மதியத்துக்குள் எல்லாம் பொருத்தி, கேபினெட்டுக்குள் வைத்து, ஸ்விட்சைப் போட்டுவிட்டார்.

ஃபேன் சுற்றியது. அவர் முகம் மலர்ந்தது.

"என்ன வருது?"

"ஒண்ணும் வரலைங்க. கறுப்பா இருக்கு. சிக்னல் இல்லைன்னு எழுதி வருது."

"நல்லா பாரு."

"நல்லாத்தாங்க பார்க்கிறேன்."

மானிட்டர் கேபிளைக் கழற்றி மாட்டினோம். ராம் இரண்டையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் போட்டோம், பிறகு மற்றதை. பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைக் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும்.

பிராசசரை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். அதன் அடிப்பக்கம் முழுக்க ஊசி ஊசியாக, முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமனான பின்கள்.

"ஏதாச்சும் வளைஞ்சிருக்கா பாரு. நான் தொட்டா நானே வளைச்சிடுவேன்."

"எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நினைக்கிறேன்."

"நீ நினைக்கிறது வேணாம். கண்ணுல படுறதைச் சொல்லு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறேன், அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்ச மாதிரிதாங்க சொல்ல முடியும். நான் என்ன உங்ககிட்ட படிச்சவளா?" என்று சொல்லி, அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தபோது, அவர் அந்த பிராசசரைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு முன்னாடி ஆயிரம் மிஷின் கழட்டியிருப்பேன்," என்றார். "பின் வளைஞ்சிருக்கான்னு ஒருத்தர்கிட்ட கேட்டதில்ல."

நான் போன் டார்ச்சைப் போட்டேன். ஒரு வரிசை விடாமல் பார்த்து, நேராக இருக்கிறது, நேராக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினார்.

சாப்பிட்ட பிறகு பிராசசரைத் திரும்பப் பொருத்திவிட்டு, பழைய கேபினெட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கழற்றிவரச் சொன்னார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதைப் புது போர்டில் மாட்டி, ராமை மொத்தமாக எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை.

"ராம் இல்லாம போட்டா இது கத்தணும்," என்றார். "கத்தலைன்னா, ராம் இருக்கா இல்லையான்னு பார்க்கிற வரைக்கும்கூட அது போகல. பிராசசர் முழிக்கவே இல்ல."

"அப்ப பிராசசர் கெட்டதா?"

"கெட்டும் இருக்கலாம். இல்ல, போர்டுக்கு இது யாருன்னு தெரியாம இருக்கலாம்."

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். போர்டுக்குள்ளேயே ஒரு சின்ன நிரல் இருக்கும், பயாஸ் என்று பெயர். ஸ்விட்ச் போட்டதும் பிராசசரை அடையாளம் கண்டு எழுப்புவது அதன் வேலை. பிராசசர் போர்டைவிடப் புதுசாக இருந்தால், உட்காருகிற குழி சரியாக இருந்தாலும் பயாஸுக்கு அடையாளம் தெரியாது. போர்டில் பயாஸ் இருக்கும் சில்லின் மேல் ஒட்டியிருந்த துணுக்குத் தாளைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கி, அதிலிருந்த பதிப்பு எண்ணைப் படித்தேன். கம்பெனியின் வலைத்தளத்தில் எங்கள் பிராசசருக்கு நேரே போட்டிருந்த பயாஸ் அதைவிடப் பல படி புதியது. அட்டைப்பெட்டியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போர்டு அனுப்பிய கடைக்குப் போன் செய்தோம். அனுப்பி வையுங்கள், புதுப்பித்து அனுப்ப ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கையில் எடுத்த பேட்டிகள் பாதியில் கிடந்தன. ஒரு மாதம் முடியாது. இன்னொரு வழி, அதே குழியில் உட்காரக்கூடிய பழைய பிராசசர் ஒன்றைச் சற்று நேரத்துக்கு மாட்டி, அதை வைத்து பயாஸைப் புதுப்பிப்பது. ஆனால் நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைத் திறந்து அதன் பிராசசரை யார் இரவல் கொடுப்பார்கள்?

என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்த பெண் திருநள்ளாறில் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். அவள் மிஷின் அசெம்பிள் செய்ததுதான் என்று எனக்கு ஞாபகம். கூப்பிட்டுக் கேட்டேன். எந்த பிராசசர் என்று பார்த்துச் சொன்னாள். எங்களுக்கு வேண்டிய ரகம்தான்.

"அக்கா, இது நின்னுட்டா என் பொழப்பு நின்னுடும்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "சனிக்கிழமை வேணாம், கூட்டம் தாங்காது. புதன்கிழமை வாங்க," என்றாள்.

நான் லீவு போட்டேன். ஆட்டோவில் அவர் கேபினெட்டை மடியில் வைத்து, பள்ளத்துக்குப் பள்ளம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஸ்டுடியோவில் அந்தப் பெண் தன் கம்ப்யூட்டரை அணைத்து, தூசி தட்டி, மேஜையில் தயாராக வைத்திருந்தாள். இவர் கறுப்புக் கண்ணாடியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க கழட்டுங்க. சார் சொல்லட்டும்."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அவருக்குக் கேட்டுவிட்டது. "நியாயந்தாம்மா," என்று நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

நான் கழற்றினேன். பிராசசரின் தலைமேல் ஃபேனும் கனமான அலுமினியக் கட்டையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். கிளிப்பை எடுத்தேன். கட்டை அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். போர்டு 'மொர்ர்' என்றது.

"நிறுத்து!" அவர் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் ரெண்டடி பின்னால் போனாள். "கையை எடு. இழுக்காத. நடுவுல தடவுற பேஸ்ட் காஞ்சு ஒட்டிக்கிச்சு. இழுத்தா பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கிட்டு வரும், பின்னெல்லாம் போயிடும்."

அவர் குரலைத் தணித்து அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "கிளிப்பைத் திரும்பப் போட்டு மிஷினை ஓட்டும்மா. பெரிய வேலையா கொடுங்க. நல்லா சூடாகட்டும், பேஸ்ட் இளகும்."

அவள் ஒரு கல்யாண வீடியோவை ஓடவிட்டாள். மூவரும் டீ குடித்தோம். அவர் நடுநடுவே அந்தக் கட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார். போதும் என்றதும் அவள் அணைத்தாள்.

"இப்ப நான் கழட்டலாமா? இதைக் கண்ணால செய்ய முடியாது, கையாலதான் செய்யணும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவரைச் சிபாரிசு செய்கிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அவள்தான், "சரிங்க சார், பண்ணுங்க," என்றாள்.

அவர் இழுக்கவில்லை. இடதும் வலதுமாக மிகச் சின்னதாகத் திருகினார். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தது கண்ணாடி இடுக்கில் தெரிந்தது. பார்வை இருந்த காலத்திலும் கஷ்டமான வேலை வந்தால் அப்படித்தான் மூடிக்கொள்வார். கட்டை மெல்ல வழுக்கி, தானாக வந்து அவர் கையில் நின்றது. பிராசசர் குழியிலேயே இருந்தது. அந்தப் பெண், "யப்பா," என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பிராசசரை எங்கள் போர்டில் போட்டதும், ஸ்பீக்கர் ஒரே ஒரு தடவை 'பீப்' என்றது. திரையில் எழுத்து வந்தது. எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. சிரித்தார். பென்டிரைவில் கொண்டுபோன பயாஸை ஏற்றினோம். நடுவில் கரண்ட் போனால் போர்டே வீண் என்பதால் யு.பி.எஸ்ஸில்தான் மாட்டியிருந்தோம். நான் ஒவ்வொரு பத்து சதவீதமாகப் படித்துச் சொன்னேன். நூறு வந்து, அணைந்து, மறுபடி எரிந்தது.

"முதல்ல உங்களதைப் போட்டு ஓட்டிக் காட்டிடுறோம்மா," என்று புதுப் பேஸ்ட் தடவி அவள் கம்ப்யூட்டரைச் சரிசெய்தார். அது ஓடிய பிறகுதான் எங்கள் பிராசசரை எங்கள் போர்டில் வைத்தார். அதுவும் கண்விழித்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஏற்றி முடிக்கும்வரை நான் திரையைப் படித்துக்கொண்டே இருந்தேன். பேசும் மென்பொருள் போட்டதும் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அது பேசும் வேகம் எனக்குப் பிடிபடவே படாது. அவர் விரல்கள் டைப் அடிக்க ஆரம்பித்தன. நான் பக்கத்தில் நிற்பது அவருக்கு நினைவில்லை. கொஞ்சம் விட்டுப்போன மாதிரி இருந்தது எனக்கு. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. மானிட்டரை அணைத்துவிட்டு சமையலைப் பார்க்கப் போனேன்.

போன மாதம் அந்த ஸ்டுடியோப் பெண் கூப்பிட்டாள். புது கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறாளாம். "சார் இல்லையா அக்கா? அவர்ட்ட கொடுங்களேன்," என்றாள். கொடுத்தேன். கேபினெட்டுக்குள் எவ்வளவு நீளம் இடம் இருக்கிறது, முதலில் அளந்து சொல்லும்மா என்று அவர் ஆரம்பித்தார். நான் மீன் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தார்கள்.