கடை மாதிரி இல்ல

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று மணி. சனிக்கிழமை. அவள் அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவரைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்தபடி, வீட்டில் இல்லாத புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். வாரா வாரம் அவர் எண்ணெயில் எதையோ போட்டுப் பொரிக்கிற பொரிப்பில் டைல்ஸ் முழுக்கப் பிசுபிசுப்பு. "வரட்டும், இந்தச் சுவரை அவரையே கழுவ வைக்கிறேன்" என்று சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது.

"அக்கா, சலவைக் கடையிலேர்ந்து பேசுறேன்" என்றார் முதலாளி. எப்போது போன் வந்தாலும் பின்னாலிருந்து கேட்கிற நீராவிச் சத்தம் அன்றைக்கு இல்லை. இயந்திரங்களை நிறுத்தியிருக்கிறார்கள். வேலை நாளில் அந்தக் கடையில் இயந்திரம் நின்று அவள் கேட்டதே இல்லை.

"மடிப்பண்ணன் தண்ணி குடிக்க உக்காந்தாரு, அக்கா. எந்திரிக்கல. ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடினோம்..."

அவள் கையிலிருந்த சோப்பு நுரையைக் கழுவினாள். எதற்காகவோ இரண்டு தடவை கழுவினாள். பிறகுதான் மகளுக்குப் போன் போட்டாள்.

மடிப்பு என்பது அவள் புருஷனுக்கு வேலையிடத்தில் வைத்த பெயர். அந்தச் சலவைக் கடையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறையில், வாலிப வயதிலிருந்து துணி தேய்த்தவர். ஓட்டல் படுக்கை விரிப்பு, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு, சமையல்காரர்களின் அங்கி எல்லாம் அவர் கைக்கு வந்துதான் போகும். "அண்ணன் தேச்ச பேண்ட் மடிப்புல வெங்காயம் நறுக்கலாம்" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அதற்கு ஒரு சிரிப்பு சிரிப்பார், அவ்வளவுதான். பேச்சு என்றால் அவருக்குக் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு மாதிரி. சமையலோ, சுத்தமாக வராது. வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரத்தைக் கருக்கிவிட்டு வந்து நிற்கிற ஆள். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை, மகள் சாப்பாட்டை மாற்றிக்கொள்கிற வரைக்கும்.

ஒரே மகள். ஊரின் மறுகோடியில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை, பக்கத்திலேயே ஒரு வாடகை அறை. ஒரு நாள் அவள் போன பஸ்ஸுக்கு முன்னால் கோழி ஏற்றிய லாரி கவிழ்ந்தது. இறங்கி உதவப் போனவள், கூண்டுக்குள் நசுங்கியும் சாகாமல் கிடந்தவற்றைப் பார்த்துவிட்டாள். அன்றோடு கறியை விட்டாள். பிறகு முட்டை, பிறகு பால், கடைசியில் தேனும் போயிற்று.

"பால் ஊத்தாத டீயும் ஒரு டீயா? கழுநீர் மாதிரி இருக்கும்டி" என்று அம்மாக்காரி சண்டை போட்டாள். மகள் சண்டைக்கு நிற்கவில்லை. வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எதைச் சமைத்தாலும் அதில் நெய்யோ தயிரோ ஏதாவது ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள், ஆனால் கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு வருவாள். அவள் அறைக்குக் கீழே உள்ள கடையில் வாங்கிய மிளகு டோஃபு, மிளகு சாஸில் புரட்டிய சோயாப் பனீர். கறி, முட்டை, பால் எதுவும் சேரவில்லை என்பதற்கு அடையாளமாகப் பெட்டி மூடியில் ஒரு பச்சை இலை ஒட்டியிருக்கும். பெற்றவர்கள் தட்டில் சாப்பிட, எதிரே உட்கார்ந்து அவள் பெட்டியிலிருந்து சாப்பிடுவாள். இடையில் எலும்பும் தோலுமாகப் போனவள், அந்தப் பெட்டியால்தான் மறுபடி ஆளானாள். மடிப்புக்கு அந்தக் கடை மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. அந்த வழியாகப் போனால், உள்ளே யாரையும் தெரியாவிட்டாலும் கையைத் தூக்கிவிட்டுப் போவார்.

அந்தக் கடைச் சமையல்காரரின் அங்கி அவரிடமே தேய்க்க வந்ததுதான் வினையாகப் போயிற்று. நெஞ்சுப் பக்கம் ஒரு பழுப்புக் கறை, எத்தனை தடவை வெளுத்தாலும் மங்கலாக நின்றது. வாங்க வந்த சமையல்காரரிடம் கேட்டார்.

"என்ன தம்பி கறை இது? போகவே மாட்டேங்குது."

"அதுவா, மிளகு டோஃபு சாஸ்ண்ணே. சோயா, சிப்பிச் சாறு, எல்லாம் கலந்தது. எப்படிப் போகும்?"

"சிப்பின்னா? கடல் சிப்பியா?"

"பின்ன என்ன, உங்க சட்டைப் பொத்தான் சிப்பியா?"

"அதுல பச்சை இலை ஒட்டுறீங்களே, தம்பி."

"டோஃபுதானேண்ணே, கறி இல்லல்ல? முதலாளி ஒட்டச் சொல்றாரு, ஒட்டுறோம்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. விஷயத்தைக் கேட்டதும் மனைவி சட்டென்று சொன்னாள், "சொல்லிட வேண்டியதுதானே? பெரிய கொலைக்குத்தமா? சிப்பிதானே."

"உனக்குச் சிப்பி. அவளுக்கு?" என்றார். "இத்தனை நாளா ஒரு உசுரத் தின்னுருக்கோம்னு தெரிஞ்சா அந்தப் புள்ள மறுபடியும் சாப்பாட்டையே விட்டுடும். அப்ப எப்படி இருந்தா, பாத்தல்ல?"

"அப்ப தின்னுட்டே இருக்கட்டும்ங்கிறீங்களா?"

"அதே ருசில நான் வீட்ல செஞ்சு குடுக்குறேன். நல்லா இருந்தா அவளே கடையை விட்டுடுவா. நீ வாயத் திறக்கக் கூடாது."

அவள் சிரித்தாள். நீங்களா, சமையலா என்று கேட்டாள். ஆனால் மகளிடம் வாயைத் திறக்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், சிரிக்கத்தான் முடியாது. டோஃபுவில் தண்ணீரைப் பிழிந்து எடுக்க வேண்டும், மேலே பாரம் வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேய்ப்புக்காரருக்குப் பாரம் என்றால் என்ன? ஈரத் துணியில் சுற்றி, இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி, மேலே வைத்து அழுத்திவிட்டார். உஸ்ஸென்று ஆவி பறந்தது. துணியைப் பிரித்தால் காலருக்குள் வைத்துத் தைக்கிற அட்டை மாதிரி ஒன்று.

"ஒரு பொத்தான் தச்சுட்டா போட்டுக்கிட்டுப் போயிடலாம்" என்றாள் மனைவி.

அடுத்த வாரம் சூட்டை விட்டார். பரணிலிருந்து பழைய இரும்புப் பெட்டியை, கரி போட்டுத் தேய்க்கிற கனத்த பெட்டியை எடுத்துக் கழுவினார். டோஃபுவைத் துண்டில் சுற்றித் தட்டில் வைத்து, அதன் மேல் பெட்டியை ஏற்றி, முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவார். மறுநாள் துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், டோஃபு கெட்டியாகியிருக்கும். கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்தார், சாஸ் உள்ளே ஏறுமாம். சோள மாவில் புரட்டினார். முதலில் மாவு கூடிப்போய்ப் பசையாயிற்று. பிறகு எண்ணெய் காயாமல் போட்டு எல்லாம் சட்டியில் ஒட்டிக்கொண்டது. பிறகு சாஸை அடுப்பிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டு, மொறுமொறுப்பு எல்லாம் சொதசொதவென்று ஊறிப்போயிற்று. சாஸைத் தனியாகக் காய்ச்சி, தட்டில் வைப்பதற்குச் சற்று முன்பு புரட்ட வேண்டும் என்று கற்றுக்கொள்வதற்குள் மழைக்காலம் வந்து போய்விட்டது.

"வெள்ளைச் செங்கல் வெந்துதா?" என்று மனைவி வாசற்படியில் சாய்ந்துகொண்டு கேட்பாள்.

"தள்ளி நில்லு, எண்ணெய் தெறிக்கும்" என்பார். வேறு பதில் கிடையாது.

மகள் சாப்பிடுவாள். அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார். ஒவ்வொரு வாரமும் அதே தீர்ப்பு.

"நல்லா இருக்குப்பா. ஆனா கடை மாதிரி இல்ல."

வார நாட்களில் அவள் அந்தப் பெட்டியைத்தான் வாங்கிச் சாப்பிட்டாள். அவருக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை பெட்டி வருவது மட்டும் நின்றது. பாதிக் கிணறு தாண்டியது போல இருந்தது அவருக்கு. கடைசியில் அதே சமையல்காரரைப் பிடித்து, காரணம் சொல்லாமல் கேட்டார். சிப்பி இல்லாமல் அந்த ருசி வர என்ன வழி? "காஞ்ச காளானை ராத்திரியே ஊறப் போடுங்கண்ணே. அந்தத் தண்ணியை வடிகட்டி ஊத்துங்க. கிட்டத்தட்ட வந்துரும்."

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் செய்தார். மகள் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாள். தட்டில் ஒட்டியிருந்த சாஸை விரலால் வழித்து நக்கினாள். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பக்கத்துல வந்துட்டீங்கப்பா. ஆனா கடை மாதிரி இல்ல."

மகள் போன பிறகு அவர் சட்டியைச் சுரண்டி வாயில் வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். "எதுவோ ஒண்ணு குறையுது. என்னன்னு பிடிபட மாட்டேங்குது" என்றார் மனைவியிடம். வாரம் முழுக்க அதே யோசனை. சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போதும் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். நேரமாகவில்லையா என்று அவள் கத்தினாள். ஆயிற்று, ஆயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் கடைசிப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எல்லாம் முடிந்தது. வீட்டுக்குத் திரும்பியபோது மகளோடு வேலை செய்பவர்கள் வந்து காத்திருந்தார்கள். மேசை மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூடிகளில் பச்சை இலை.

"அவ இதைத்தானே சாப்பிடுவா, அதான் தேடிப் போய் வாங்கிட்டு வந்தோம், ஆன்ட்டி" என்றாள் ஒரு நர்ஸ். நல்ல பெண். கண் சிவந்திருந்தது. "நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணி கூடப் பல்லுல படல. நீங்களாவது சொல்லுங்க."

அவர்கள் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். மகள் ஒரு பெட்டியை மடியில் வைத்து மூடியைத் திறந்தாள். மிளகு வாசனையும் அந்தக் கருப்பு சாஸ் வாசனையும் கூடம் முழுக்கப் பரவியது. அவர் இத்தனை மாதம் துரத்திய வாசனை. துரத்தியவரை எடுத்துக்கொண்டு போன அதே நாளில் வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருந்தது. மகள் ஒரு துண்டை எடுத்தாள்.

"அதை வை" என்றாள் அம்மா.

"பசிக்குதும்மா."

"அதை வைன்னேன். உங்கப்பா உனக்குன்னு எடுத்து வச்சிருக்காரு."

சொல்லிவிட்டாளே தவிர, நின்று வேடிக்கை பார்த்ததைத் தவிர அவளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கீழ்த்தட்டில் இரும்புப் பெட்டி இருந்தது. இரண்டு கையாலும் தூக்கினாள். கை மரத்துப் போகிற குளிர். பாரம் வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்ததில் டோஃபு ஓரங்களில் வெடித்திருந்தது. பிய்த்தாள். மாவில் புரட்டினாள். எண்ணெய் காய்ந்ததா என்று தெரிய அவர் ஒரு சிட்டிகை மாவைப் போட்டுப் பார்ப்பார், அதைப் போலவே பார்த்தாள். பூண்டும் இஞ்சியும் தட்டி, சோயா, வினிகர், சர்க்கரை, மிளகு என்று நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காய்ச்சினாள். சுவரில் எண்ணெய் தெறித்தது. நேற்று கழுவிய பாதியிலும் தெறித்தது, கழுவாத பாதியிலும் தெறித்தது.

மகள் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு துண்டு. இன்னொன்று. பழக்கத்தில் வாய் தன்னால் சொன்னது:

"நல்லா இருக்கும்மா. ஆனா கடை மா..."

மகள் தட்டை நீட்டினாள். அம்மா அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்பா எப்பவோ கடையைத் தாண்டிட்டாரும்மா" என்றாள் மகள், அழுகைக்கு நடுவே. "அந்தக் காளான் தண்ணி ஊத்தினாரே போன வாரம், அதுக்கும் முன்னாடியே. நான்தான் சொல்லல. நல்லா வந்துருச்சுன்னு சொன்னா செய்றத நிறுத்திடுவாரோன்னு இருந்துச்சு. அவரு கரண்டிய வச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு நிப்பாரு பாரு. சின்னப் புள்ளையில கூட அவரு எங்கிட்ட அப்படி நின்னதில்லம்மா."

அம்மாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. எதுவோ குறைகிறது என்று நினைத்துக்கொண்டேதான் போனாரடி என்று வந்தது. எதற்காக அந்த மனுஷன் கரண்டியைப் பிடித்தார் தெரியுமா என்றும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள். மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

மகள் அடங்கியதும் முகம் கழுவிவிட்டுக் கூடத்துக்குப் போனாள். அங்கேயிருந்து குரல் வந்தது.

"மேசை மேல இருந்த பெட்டியெல்லாம் எங்கம்மா? ஃப்ரிட்ஜ்ல வச்சா நாளைக்கு ஆகுமே."

"நீ முகம் கழுவப் போனப்ப குப்பையில போட்டுட்டேன். கெட்டுப் போச்சு."

"இப்பதானே வாங்கிட்டு வந்தாங்க?"

"கெட்டுப் போச்சுன்னா கெட்டுப் போச்சு. அந்தக் கடையில இனிமே வாங்காத. வார நாள்ல டப்பாவுல போட்டு நான் கொண்டாந்து தர்றேன்."

மகள் திரும்பி வந்து நின்றாள். என்னவோ கேட்கப் போகிறவள் போல் அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"சரி, நீயே செய்" என்றாள் கடைசியில். "ரொம்ப நல்லா செஞ்சிடாத."

"அதுக்கு எங்க எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

இரும்புப் பெட்டியைத் துடைத்துப் பரணில் வைக்க மனம் வரவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்து குனிந்தபோதுதான் பார்த்தாள். பெட்டி இருந்த இடத்துக்குப் பின்னால், மூலையில், ஒரு கிண்ணம். சனிக்கிழமை காலையில் அவர் குந்தி உட்கார்ந்து வைத்தது. காளான்கள் ஊறி, உள்ளங்கை அகலத்துக்கு உப்பிக் கிடந்தன. தண்ணீர் கருந்தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. வடிகட்டுவதற்காக அவர் எடுத்து வைத்த கைக்குட்டை, நாலாக மடித்துத் தேய்த்த மடிப்பு கலையாமல், கிண்ணத்தின் மேல் உலர்ந்தபடி இருந்தது.