மானாவாரிக் காட்டில் ஒரு ராக் கச்சேரி

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசலில் நின்ற ஓர் ஆட்டோவின் முதுகில் ஒட்டியிருந்த போஸ்டர்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம். "மாட்டு ஆம்புலன்ஸ் வாங்க ராக் கச்சேரி. திறந்தவெளி. கட்டணம் 300 ரூபாய். உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம்." மாட்டுக்கும் ராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே, வாங்க வந்த மல்லிகையை மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. எனக்கு நாற்பத்தாறு வயது. ராக் என்றால் தலைவலி என்று நினைத்திருந்தவன். ஆனாலும் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை குடையும் துண்டுமாகக் கிளம்பிவிட்டேன்.

ஆனையூரிலிருந்து ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ், 12 ரூபாய். அங்கிருந்து 1.40க்கு உசிலம்பட்டி பஸ், 35 ரூபாய். செக்கானூரணி தாண்டியதும் இருபுறமும் உழுது போட்ட நிலம், மேலே கறுத்த மேகம். உசிலம்பட்டிக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால், ஊருக்குப் பாதை பிரியும் ஒரு விலக்கில் 2.50க்கு இறங்கினேன். உள்ளே மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய்.

"மழை வரும்போல இருக்கே, கச்சேரி நடக்குமாண்ணே?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"கச்சேரிய நாளைக்கு வச்சுக்கிறலாம். மழைய நாளைக்கு வான்னு சொல்ல முடியுமா? ரெண்டு மாசமா ஒரு சொட்டு இல்லண்ணே" என்றார்.

தரிசு நிலத்தில் தகரக் கூரை போட்ட மேடை. முன்னால் முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும். மதுரையிலிருந்து வந்த கல்லூரிக் கூட்டம் கறுப்புச் சட்டையில் ஒரு பக்கம், உள்ளூர்க்காரர்கள் வெள்ளை வேட்டியில் இன்னொரு பக்கம். ஓரத்தில் பணியாரக் கடை, ஐந்து பணியாரம் 20 ரூபாய், காரச் சட்னி பிரமாதம். சீக்கு வந்த மாட்டை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக இந்தப் பக்கத்தில் வண்டியே கிடைப்பதில்லையாம். சம்பந்தம் இப்போதுதான் புரிந்தது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் கஞ்சி போட்ட சட்டையோடு ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பெயர் தவசி. கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி. கிட்டத்தட்ட அதேதான். மேடைக்கு வரப்போகும் இரண்டாவது குழுவில் அவர் மகள் அபிநயா பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். மதுரையில் ஒரு மருத்துவ லேபில் வேலை, சனி ஞாயிறுகளில் இது.

"வீட்டுல ஸ்பீக்கருக்கு ஒயரு மாட்டாம வாசிக்கும் சார். கொசுச் சத்தங்கூட வராது. அம்புட்டு காசு போட்டு என்னத்த வாங்குச்சுன்னு ஏசியிருக்கேன். ஒருநா வந்து கேளுங்கப்பான்னு மூணு வருசமாக் கூப்புடுது. இன்னைக்குத்தேன் வாய்ச்சுச்சு" என்றார். எது மகளின் சத்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். "தும்மு தும்முன்னு தடிச்சு வர்றது நம்மளுதாம். சொல்லிக் குடுத்துருக்கு."

நான்கு மணிக்கு முதல் குழு ஆரம்பித்தது. 4.50க்குப் பெருந்துளியாக இறங்கிய மழை ஐந்தே நிமிடத்தில் வெளுத்து வாங்கியது. கல்லூரிக் கூட்டம் நாற்காலியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஆட, வேட்டிக்காரர்கள் கொத்துக் கொத்தாக எழுந்து ஓடினார்கள். ஓசியில் வந்தவர்கள், நனையப் பயந்து ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். தொகுத்துப் பேசிய பையன், "யாரும் போகாதீங்க, மழை இப்ப நின்னுரும்!" என்று மைக்கில் கெஞ்சினான்.

"வாயக் கழுவுடா! நல்ல வார்த்த சொல்லு!" என்று ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று திட்டிவிட்டு மறுபடி ஓடினார். பையன் பயந்துபோய் மைக்கை அணைத்துவிட்டான்.

தவசியும் எழுந்துவிட்டார். ஆனால் நகரவில்லை. மேடையோரம் தார்ப்பாய்க்குக் கீழே கிட்டாரை மாட்டிக்கொண்டு அபிநயா தயாராக நின்றிருந்தாள். அவளைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார்.

"ஒரு பாட்டாவது கேட்டுட்டுப் போங்கண்ணே" என்றேன்.

"புழுதியில சோளம் வெதச்சுருக்கேன் சார். வரப்பு ஒடஞ்சா வெதையும் மண்ணும் சேந்து போயிரும். வருசத்துக்கு அதான் சோறு." ஓடியவர்கள் எல்லோரும் எதற்கு ஓடினார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழையை மட்டும் நம்பி விதைக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர்களை அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் அபிநயாவே இறங்கி வந்தாள். "போங்கப்பா, நம்ம காடு முக்கியம். இன்னொரு நாள் கேட்டுக்கலாம்" என்று சிரித்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. நான் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை.

5.20க்கு அவர்கள் குழு தொடங்கியது. பாட்டுக்காரன் கத்திய கத்தலிலும் டிரம்ஸ் அதிர்ந்த அதிர்விலும் அவள் வாசித்ததை என்னால் தனியாகப் பிரித்துக் கேட்கவே முடியவில்லை. விரல்கள் ஓடுவது தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டு பாட்டு முடிந்ததும் ஆர்வம் தாங்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு தவசி போன வண்டிப்பாதையில் நடந்தேன். கால் கிலோமீட்டர்தான், ஆனால் செருப்பில் ஒரு படி மண்.

அவர் உடைப்பில் மம்பட்டியால் மண்ணை அள்ளி அணைத்துக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட சட்டை வரப்பின் மேல் கிடந்தது. நானும் ஒரு கல்லைப் புரட்டிக் கொடுத்தேன். உடைப்பு அடைபட்டது.

"மூணு வருசம் கழிச்சு வந்தும் கேக்க முடியாமப் போச்சேண்ணே" என்றேன்.

அவர் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு, பேசாதீர்கள் என்று கையைக் காட்டினார். நானும் காதைக் கொடுத்தேன். இரைச்சலில் பாட்டு கரைந்துபோயிருந்தது. பாடுகிறவன் குரல் இல்லை, மற்ற கிட்டார் இல்லை, டிரம்ஸ்கூட எங்கோ அமுங்கிவிட்டது. தும், தும், தும் என்று ஒன்று மட்டும் ஈர நிலத்தைத் தாண்டி நெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தது.

"வேற ஒண்ணுமே கேக்கல சார். எம்புள்ள மட்டுந்தேன் கேக்குது" என்றார். முகத்தில் வழிந்தது மழை மட்டுமில்லை.

நான் மைதானத்துக்குத் திரும்பியபோது மணி 6.05, கச்சேரி முடிந்திருந்தது. இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் போகிறவர்களுக்கு: குடை பின்னால் இருப்பவர்களின் சாபத்தை வாங்கித் தரும், மழைக்கோட்டு நல்லது. செருப்பைவிட வெறுங்கால் மேல். போனுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. விலக்கில் மதுரைக்கு அரைமணிக்கு ஒரு பஸ் நிற்கிறது, ஆனால் மழையில் ஷேர் ஆட்டோ வராது, மூன்று கிலோமீட்டர் நடக்கத் தெம்பு வேண்டும். போக வர, நுழைவுச்சீட்டு, பணியாரம் எல்லாம் சேர்த்து எனக்கு 450 ரூபாய்க்குள் முடிந்தது. முக்கியமாக, இந்தப் பக்கம் வந்து மழையை யாரும் திட்டிவிடாதீர்கள்.

கிளம்பும் முன் அபிநயாவைத் தேடினேன். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வரப்பில் பார்த்ததையும் அவள் அப்பா சொன்னதையும் அப்படியே சொன்னேன். வயரைக் கீழே போட்டுவிட்டுத் துப்பட்டாவால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிறகு திடுக்கிட்டவளாக நிமிர்ந்தாள்.

"ஐயையோ சார், கடைசிப் பாட்டுல நடுவுல ரெண்டு எடம் தப்பா வாசிச்சுட்டேன். அதுவுமா கேட்டுருக்கும்?"

"அதுதாம்மா நல்லாக் கேட்டிருக்கும்" என்றேன்.