மில் வாசல் டீக்கடை

பேருந்தில் பக்கத்தில் இருந்தவரின் சட்டையிலிருந்து பஞ்சும் எண்ணெயும் கலந்த வாடை வந்ததும், காரைக்காலில் அப்பா வேலை பார்த்த நூல் மில்லும், ஷிஃப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு அவரும் அந்தோணி மாமாவும் வாசல் டீக்கடையில் ஓயாமல் தொழிற்சங்கம் பற்றிப் பேசிய சாயங்காலங்களும் நினைவுக்கு வந்தன. நூல் விற்காமல் ஊரூராக மில்கள் மூடிய வருஷம் எங்கள் மில்லும் மூடியது. அரசாங்கம் அரிசி கொடுத்தது, வேலை கொடுக்கவில்லை. வெளியூர்க்காரர்களால்தான் பிழைப்பு போனது என்று சொன்ன புதுக் கட்சியில் மாமா சேர்ந்தார்.

“வெளியூர்க்காரனுக்குந்தானே வேல போச்சு, அந்தோணி?” என்றார் அப்பா.

“சங்கம் நமக்கு என்ன செஞ்சுச்சு, சொல்லு.”

அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. டீக்கடை இருந்த இடமெல்லாம் மனையாகிவிட்டது. மாமா இறந்தபோது அப்பா மாதா கோயில் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார்.

“அவன் கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா,” என்றார் என்னிடம். “அதுக்குத்தான் அவங்கிட்ட பேசாம இருந்தேன்.”