ஆதிகேசவன் பார்த்த ஆறுமணிக்குருவி

எங்கள் வீட்டுக்காரர் ஆதிகேசவன் பெங்களூர் சிட்டி ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் கிளார்க்காக இருந்தார். அதிகம் பேச மாட்டார். அவர் பங்கையும் சேர்த்து நானே பேசித் தீர்த்துவிடுவேன். ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவில் இந்த வனஜா குரல் தெரியாதவர்கள் கிடையாது, அவர் குரலைக் கேட்டவர்களும் கிடையாது. ஆனால் அந்த வாயில்லாப் பூச்சியின் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு காக்கை கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நம்மையே பார்க்கும். அணில் எந்த நிமிஷமும் எழுந்து ஓடிவிடும் என்று தோன்றும். மனுஷர்களை மட்டும் வரைய மாட்டார். கல்யாணமான புதிதில் என்னை வரையச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். நீ அசையாமல் இருக்க மாட்டாய் என்றார். காக்கை மட்டும் உங்களுக்காக அசையாமல் நின்றதா என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

எல்லாமே கறுப்புப் பென்சில்தான். கலர் போட்டால் என்ன என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்தது. கடைசியில் ஒரு தீபாவளிக்கு அவென்யூ ரோட்டில் ஒரு பெரிய டப்பா கலர் பென்சில் நானே வாங்கி வந்தேன். அதைப் பீரோவின் மேல் வைத்தார். வைத்தது வைத்ததுதான்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலாட்டா வந்தது, தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். எங்கள் பக்கத்தில் கடை திறக்கவில்லை, அவரால் ஆபீசுக்கும் போக முடியவில்லை. பக்கத்து வீட்டு கௌரம்மா மதிலுக்கு மேலாகப் பாலும் கீரையும் நீட்டிக்கொண்டிருந்தார். அவர் கன்னடத்தில் தைரியம் சொல்லுவார், நான் கன்னடத்திலேயே அழுவேன். வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த நாட்களில்தான், எதிர்மரத்துக்கு வந்த கிளிக் கூட்டத்தைப் பார்த்து அவர் வரைய உட்கார்ந்தார். நான் விடவில்லை. பீரோ மேலிருந்து டப்பாவை எடுத்து அவர் முன்னால் போட்டேன். இன்றைக்காவது கலர் போடாவிட்டால் சாப்பாடு கிடையாது என்றேன்.

போட்டார். கிளி பிரமாதமாக உட்கார்ந்திருந்தது, வளைந்த மூக்கு, கொய்யாவைப் பிடித்திருக்கும் கால், எல்லாம் அப்படியே. ஆனால் உடம்பு முழுக்க ராகிக் களி நிறம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கிளி என்ன, மண்ணில் புரண்டு எழுந்து வந்ததா என்று கேட்டேன். அவர் பென்சிலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பென்சிலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழாயைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார்.

"எனக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணுதான் வனஜா. சிவப்பும் சரியாத் தெரியாது. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அவர் அப்பா நீராவி எஞ்சினில் கரி தள்ளியவர். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே எஞ்சின் டிரைவர் ஆக வேண்டும் என்று ஆசை. பரீட்சை எழுதிப் பாஸும் பண்ணியிருக்கிறார். மெடிக்கலில் புள்ளி புள்ளியாக இருக்கும் ஒரு புத்தகத்தைக் காட்டி, இதற்குள் என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். வரிசையில் நின்ற மற்றவர்கள் எல்லோரும் படபடவென்று நம்பர் சொல்ல, இவருக்கு மட்டும் வெறும் புள்ளிதான் தெரிந்திருக்கிறது. சிக்னலில் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவனுக்கு எஞ்சின் எப்படிக் கொடுப்பார்கள்? வீட்டுக்கு வந்து பரீட்சையில் ஃபெயில் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பார்சல் ஆபீஸ். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று என் மாமியார் சாகிறவரை சொல்லிக்காட்டினார். படிக்காத பிள்ளை என்கிற பெயரைச் சுமந்தாலும் சுமப்பேன், கண் சரியில்லாதவன் என்ற பெயர் வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை இந்த மனுஷர்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பெண் பார்க்க வந்த அன்று நான் கட்டியிருந்தது இலைப்பச்சைப் பட்டு. இவர் அதைச் செம்மண் கலர் சேலை, செம்மண் கலர் சேலை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வேறு எவளையோ பார்த்துவிட்டு வந்த ஞாபகத்தில் என்னைக் கட்டிக்கொண்டார் என்று நான் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! அதைச் சொல்லித் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் இருந்தவரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன் என்றால், இனி எந்த மெடிக்கலும் அவரைத் தள்ள முடியாது.

அன்றைக்கே ஒவ்வொரு பென்சிலின் காலிலும் பிளாஸ்திரி சுற்றிப் பேனாவால் பேர் எழுதினேன். பச்சை என்று மொட்டையாக எழுதினால் அவருக்கு எதுவும் விளங்காது. எனக்கும் அடுப்படியைத் தவிர வேறு பேர் தெரியாது. அதனால் கொத்தமல்லி, முருங்கைக்கீரை, வாழைப்பிஞ்சு, மிளகாய்ப்பழம், பெருங்காயம், வறுத்த ரவை. புறாவின் கழுத்து என்ன என்று கேட்பார். பிஞ்சுக் கத்திரிக்காய், ஓரத்தில் மட்டும் கொத்தமல்லி என்பேன். மைனா மூக்கு? மஞ்சள் கிழங்கு. பச்சையா, காய்ந்ததா என்பார். காய்ந்தது என்பேன். இப்படி நான் சொல்லச் சொல்ல அவர் போடுவார். முடிந்ததும் தாளைத் தூக்கி என்னிடம் காட்டி, சரியா என்பார். அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மெஜஸ்டிக்கில் பி.டி.எஸ். பஸ் பிடித்து ஹெப்பாள் ஏரிக்குப் போவோம். மேம்பாலமெல்லாம் வராத காலம், ஏரி மேல் பனி இறங்கி இருக்கும். ஃபிளாஸ்கில் காபி, பேக்கரியில் வாங்கிய காரா பன், முதுகில் தொங்கும் எங்கள் குட்டி மகள் சௌம்யா. கூட டெஸ்மண்ட் வருவார். பிரேசர் டவுன்காரர், ரயில்வே கார்டாக இருந்து ரிடையர் ஆனவர், கழுத்தில் எந்நேரமும் ஒரு பைனாகுலர். ரகசியம் அவருக்கும் தெரியாது. ஏரிக்கரையில் நான் இவர் காதருகே சுட்ட அப்பளம், நெல்லிக்காய், புளி என்று முணுமுணுப்பதைப் பார்த்து, உன் பெண்டாட்டிக்கு எப்போதும் சமையல் நினைப்புத்தான் மேன் என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஹெசரகட்டா புல்வெளியில் ஒருமுறை மூவரும் போனபோது இவர் சட்டென்று கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். காய்ந்த புல்லைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டெஸ்மண்ட் பைனாகுலரை வைத்துத் துழாவுகிறார், அவருக்கும் தெரியவில்லை. இவர் இரண்டடி முன்னால் போனதும் காலடியிலிருந்து ஒரு முயல் பாய்ந்து ஓடிற்று. எப்படித் தெரிந்தது என்று அப்புறம் கேட்டேன். கலர் உங்களைத்தான் ஏமாற்றும், என்னை எப்படி ஏமாற்றும் என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

தொண்ணூற்றேழு அக்டோபரில் ஆஸ்டின் டவுனில் என் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. நான் சௌம்யாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். இவர் தனியாக லால்பாக்குக்குப் போனார். சாயங்காலம் நான் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு குருவி பாத்தேன் வனஜா. அது மேல என்னென்னமோ கலர் இருக்கு. நீலம் ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சுது. மத்ததெல்லாம் அங்கதான் இருக்கு, எனக்குத்தான் தெரியல."

செருப்பைக் கழற்ற விடாமல் சொல்லிக்கொண்டே போனார். மூங்கில் புதருக்கு அடியில் சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தின்றுகொண்டிருந்ததாம். கட்டை வால், நிமிர்ந்த நடை. டெஸ்மண்டிடம் சொன்னதும் ஆறுமணிக்குருவி என்று சொல்லிவிட்டார். கன்னடத்தில் நவரங்க. வடக்கே இருந்து குளிருக்கு வரும், வெயில் வந்தால் திரும்பிப் போய்விடும், காலையிலும் சாயங்காலமும் ஆறு மணிவாக்கில் விசிலடிக்கும். ஒன்பது நிறமும் ஒரே உடம்பில் இருக்கும் என்றார். ஒன்பது நிறம்! நிறம் தெரியாத மனுஷர் கண்ணில்தானா அது போய் விழ வேண்டும்?

அன்று ராத்திரிக்குள் வரைந்துவிட்டார். அவர் வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது. அலகில் பாதி புரண்ட சருகு, தூக்கி வைத்த ஒரு கால், நம்மைப் பார்க்கிற கண். இறக்கையில் மட்டும் நீலத்தைப் போட்டிருந்தார். மற்ற இடமெல்லாம் வெள்ளை. டெஸ்மண்ட் மறுவாரம் ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்தார். அதில் அந்தக் குருவி இருந்தது. நான் உற்சாகமாக நிறத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். இவர் கையை நீட்டிப் புத்தகத்தை மூடிவிட்டார்.

"இது யாரோ பாத்தது. நீ பாத்துச் சொல்லு, நான் போடறேன்."

பிடித்தால் உடும்புப் பிடி. அதற்கப்புறம் வருஷா வருஷம் அக்டோபர் வந்தால் லால்பாக். குருவி திரும்பிப் போகிற ஏப்ரலிலும் லால்பாக். மூங்கிலடியில் நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, காதல் ஜோடி என்று நினைத்துக் காவல்காரன் விசில் ஊதிக்கொண்டு வருவான், கிட்டே வந்து எங்கள் நரைமுடியைப் பார்த்துவிட்டு, க்ஷமிசி அம்மா என்று மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போவான். ஒரு சாயங்காலம் அந்தக் குருவியின் குரல் கேட்டது, இரண்டு துண்டாக ஒரு விசில். இவர் என் கையை அழுத்தினார். நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தலையைத் தடவினார். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. கிடைக்கும் என்று அவர் நிச்சயமாக நம்பினார்.

ஊர் அதற்குள் மாறிக்கொண்டிருந்தது. ஹெப்பாளில் பாலம் வந்தது, ஏரிக்கரையில் வேலி வந்தது. டெஸ்மண்ட் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோனார். நாங்கள் இருவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம்.

இரண்டாயிரத்து நான்கு ஆடி மாதம், ஆபீசில் வேலையாக இருக்கும்போதே மார்வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசாமலே வாழ்ந்தவர் பேசாமலே போனார் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னிடம் எவ்வளவு பேசியிருக்கிறார் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

சௌம்யாவுக்கு எல்லாவற்றையும் அப்புறம்தான் சொன்னேன். நிறமில்லாத குருவிப் படத்தை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். கம்ப்யூட்டரில் இந்தக் குருவி படம் நூறு கிடைக்கும் அம்மா, பார்த்து நானே கலர் போட்டுவிடட்டுமா என்றாள். அதில் கை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றேன். பாவம், நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள்.

மறு வருஷம் அக்டோபர். நான் லால்பாக்குக்குப் போகவில்லை, போகும் எண்ணமும் இல்லை. காலையில் பின்பக்கம் துணி துவைக்கலாம் என்று கதவைத் திறந்தேன். கொய்யா மரத்தடியில், விழுந்து கிடந்த இலைகளுக்கு நடுவில் ஒரு குருவி நின்றது. ராத்திரியெல்லாம் பறந்து வந்த களைப்போ என்னவோ, என்னைப் பார்த்தும் ஓடவில்லை. கட்டை வால். நிமிர்ந்த நடை. ஒரு இலையைப் புரட்டிற்று.

எனக்கு வயிறு எரிந்தது. குருவி என்றுகூடப் பார்க்கவில்லை, திட்டினேன். "இப்ப எதுக்குடி வந்தே? அந்த மனுஷன் வருஷா வருஷம் வந்து உக்காந்தாரே, அப்பல்லாம் எங்க போயிருந்தே?"

அது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றது. என் வாய் அடங்கவில்லை. ஆனால் என்னை அறியாமலே திட்டு நின்று, நான் சொல்ல ஆரம்பித்திருந்தேன். முதுகு முருங்கைக்கீரை, இளசு இல்லை, முற்றினது. வயிறு வறுத்த ரவை, கொஞ்சம் நெய் கூட. வாலுக்கு அடியில் மிளகாய்ப்பழம், இன்றைக்குப் பறித்தது. கண்ணுக்குக் குறுக்கே அடிப்பிடித்த சட்டிக் கறுப்பு. தொண்டை தேங்காய்ப்பால். அவர் போட்டு முடிக்க நேரம் வேண்டுமே என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

சௌம்யா பல் துலக்கிக்கொண்டே வந்து கதவோரம் நின்றாள். யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள்.

"உங்கப்பாவுக்குச் சொல்லிட்டிருக்கேன், சும்மா இரு."

அந்தச் சத்தத்தில் குருவி எழும்பி மதிலைத் தாண்டிக் கௌரம்மா வீட்டுப் பக்கம் போய்விட்டது. நான் இன்னும் காலின் நிறம் சொல்லவில்லை.