டிராமுக்குத் தாரை வார்த்த மூன்று ஏக்கர்

போன ஆடியில் கொல்லிமலை ஏறப் போனேன். கிளப்பிவிட்டது ஒரு விளம்பரம். ராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சி வழியாக மலையடிவாரம் வரை சின்ன டிராம், ஆடி முதல் தேதியிலிருந்து ஓடும் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். நான் சேலத்தில் தபாலாபீஸ் குமாஸ்தா. சொன்ன நேரத்துக்கு ஒன்று வராவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தும் அந்த விளம்பரத்தை நம்பி நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். புத்தி எங்கே போயிற்றோ!

சேலத்தில் காலை ஆறு மணி பஸ். ராசிபுரத்துக்கு ஆறணா. எட்டு மணிக்கு இறங்கி டிராம் எங்கே என்று விசாரித்தால், கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் முக்கால் ரூபாய்க்கு ஒரு மாட்டு வண்டி பேசினேன். பத்து மைல், நாலரை மணி நேரம். "டிராம் வருது வருதுன்னு எம் மாட்டுக்கே வயசாயிப் போச்சுங்க" என்றார் வண்டிக்காரர்.

முதல் இரண்டு மைல் பாதையோரம் தண்டவாளம் கூடவே வந்தது. பிறகு காணோம். அடுக்கி வைத்த கட்டைகளைக் கரையான் அரித்திருந்தது. ஓர் ஓடைக்குள் பாலத்துக்காகக் கட்டிய மூன்று தூண்கள் சும்மா நின்றன. தண்டவாளம் வந்த வருஷம் அதை முடுக்கும் ஆணிகள் வரவில்லையாம். ஆணிகள் வந்தபோது என்ஜினீயர் மாறிவிட்டாராம்.

பேளுக்குறிச்சியில் டிராம் கம்பெனி ஆபீஸ் இருந்தது. ஓவர்சீயர் நல்ல மனுஷர்தான். காப்பி வரவழைத்துக் கொடுத்து, வரைபடத்தை விரித்துக் காட்டினார். ஏரிக்குத் தெற்கே போன டிராம் பாதைக் கோட்டை நீலப் பென்சிலால் அடித்து, வடக்கே புதுக் கோடு போட்டிருந்தது. மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறதாம். தெற்கே நிலம் கொடுத்தவர்களுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். அது தமக்கு முன்னால் இருந்த ஓவர்சீயர் பார்த்த வேலை, அவர் மாற்றலாகிப் போய்விட்டார், மேலிடத்து உத்தரவு வந்தால் சொல்வோம் என்றார். காப்பி கசந்தது. ராத்திரி சத்திரத்தில் படுத்தேன். நல்ல மழை.

மறுநாள் ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்கினேன். அடிவாரம் மூன்று மைல். மழை பெய்த ஈரத்தில் வழி நெடுக ஏர் ஓடியது. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். நடுவில் ஒரு புன்செய்க் காடு மட்டும், ஆடு மேய்ந்து மொட்டையாக, டிராம் கம்பெனி நட்ட கற்களோடு கிடந்தது. வரப்பில் ஒருவர் ஏர்மாட்டோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டேன். பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி பாவாயி சோளக்கூழே கொண்டுவந்தார். கடன் வாங்கிய சோளம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அவர் பெயர் செங்கோடன். ஏரிக்குத் தெற்கே கிடந்த அந்த மூன்று ஏக்கர் அவருடையது. மலைச் சனங்கள் மிளகையும் பலாவையும் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்து, டிராமுக்கென்று தானமாகக் கொடுத்தாராம். ஒரு பிடி மண்ணை அப்போதிருந்த ஓவர்சீயர் கையில் வைத்து, செம்புத் தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்திருக்கிறார். தாரை வார்த்த மண்ணில் திரும்ப ஏர் வைக்கக் கூடாது என்பது அங்கே ஊர்க்கட்டு. மூன்று வருஷமாக அந்தக் காடு தரிசு. மிச்சமிருக்கும் அரை ஏக்கர் நாலு மாதத்துக்குக்கூடக் காணாது. சொந்த மாட்டை ஓட்டிக்கொண்டு ஊரார் காட்டுக்குக் கூலி உழவுக்குப் போகிறார். அன்றும் அதற்குத்தான் புறப்பட்டு நின்றார்.

சொல்லாமல் நடையைக் கட்டியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. டிராம் இந்தப் பக்கம் வராது, பாதை மாறி ஒன்றரை வருஷம் ஆயிற்று என்று சொல்லிவிட்டேன். அவர் நட்ட கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வாங்குன கைதானுங்க திருப்பிக் குடுக்கோணும்" என்றார் பிறகு. "நானா எடுத்துக்கிட்டா அது திருட்டுங்க."

வாங்கிய கை எந்த ஜில்லாவில் இருக்கிறதோ! மனு எழுதித் தருகிறேன் என்று நான் உளறிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஈரம் காய்ந்துவிடும் என்பது எனக்கே தெரிந்தது.

பாவாயி வீட்டுக்குள் போனார். அரை ஏக்கருக்கென்று எடுத்து வைத்திருந்த விதைச் சோளப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். எங்களைத் தாண்டி நேரே அந்தத் தரிசுக்குள் இறங்கினார். செங்கோடன் பதறிப்போய்த் தடுத்தார்.

"ஏனுங்க, தாரை வாத்த அன்னைக்கி செம்பு ஆரு கையில இருந்துச்சு?" என்றார் பாவாயி. "நான் சந்தையில இருந்தேன். ஓவர்சீயரு அவசரம்னாருன்னு நீங்களே ஊத்திக்கிட்டீங்க. பொண்டாட்டி தண்ணி வாக்காத தானம் எந்த ஊருல செல்லுமுங்க? நாங் குடுக்கலை."

மூன்று வருஷத்தில் கம்பெனி அவசரப்பட்டது அந்த ஒரு நாள்தான் போலிருக்கிறது.

அந்த அம்மாள் கை விரித்து வீசி விதைத்துக்கொண்டே போனார். "ஏரோட்டி மூடாம வெதை மேலேயே கெடந்தா குருவிதான் திங்கும். இனி உங்க இஷ்டமுங்க" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

செங்கோடன் என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மாட்டை உள்ளே ஓட்டினார்.

அதற்குப் பிறகு ஏறியது ஐந்து மைல், நாலு மணி நேரம். உச்சியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் பாதி நினைவில்லை. பெரிய வேலைகள் தாமதமாவது சகஜம்தான். தாமதத்தைக் காத்திருப்பவனிடம் சொல்லாமல் இருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: விளம்பரத்தை நம்பாமல் ராசிபுரத்திலேயே வண்டி பேசிக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் ஏறத் தொடங்குங்கள். கட்டுச்சோறு அவசியம். அடிவாரத்துக்குச் சற்று முன்னால், கல் நட்ட காட்டில் சோளம் நிற்கும். வரப்போடு போங்கள், பயிரில் கால் வைக்காதீர்கள். தாகமென்றால் அந்த வீட்டில் கேட்கலாம், கூழே கிடைக்கும். டிராம் எப்போது வரும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.