பிறைக்கு முன் ஒரு தூது

யாரிடம் மனத்தாங்கல் உண்டோ, ரமலான் பிறை தென்படுவதற்குள் அவரிடம் சென்று பிழை பொறுக்கக் கேட்டுவிட வேண்டும்; உறவை முறித்தவனுடைய நோன்பு வெறும் பட்டினி என்று வெள்ளிக்கிழமை பயான் உரையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னதிலிருந்து அத்தா நிலைகொள்ளாமல் இருந்தார். எங்கள் சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸில் மற்ற ஆயத்தங்கள் முடிந்திருந்தன. அம்மா பாய்களை அலசிக் காயப்போட்டு, குர்ஆனுக்குப் புதுத்துணியில் உறை தைத்து, கஞ்சிக்கு நொய்யரிசியும் புடைத்துவிட்டார். எஞ்சியவர் மாமி ஒருவர்தாம்.

மாமி, அத்தாவுக்கு உடன்பிறந்த அக்கா. சுரங்கத்துக்குப் போன நிலத்தில் பாதி அவருடையது. ஈடாகக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்றபோது, அது மாமியின் கணவரான மாமாவுக்கே என்று சொல்லித்தான் அத்தா அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். மனுவிலோ தம் பெயரை எழுதினார். அத்தா பெர்மனென்ட் ஆனார். மாமா காண்ட்ராக்ட் ஆளாகவே தூசியை விழுங்கி, நெஞ்சு கெட்டுப் படுத்துவிட்டார். பத்து வயதுச் சிறுமியான எனக்கு இவற்றுள் எதுவும் அன்று தெரியாது.

மூன்று நாள் "நாளைக்குப் போறேன்" என்ற அத்தா, ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபானின் கடைசிப் பகலில் என்னைச் சைக்கிளில் அனுப்பினார்.

"எல்லாத்தையும் பொறுத்துக்கங்கன்னு அத்தா சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத."

டவுன்ஷிப்புக்கு வெளியே, தகரக் கூரை வீட்டு வாசலில், மாமி தம் தொழுகைத் துப்பட்டியைத் துவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"ஏன், ஒங்கத்தாவுக்குக் காலு இல்லியா? கம்பெனி பஸ்ஸு எங்க தெருவுக்கு வராதோ?"

நான் ஒப்பித்தேன். உள்ளே மாமா இருமத் தொடங்கினார். அவ்விருமல் அடங்கும்வரை மாமி துப்பட்டியைப் பிழிந்துகொண்டே இருந்தார். நீர் முற்றும் வடிந்த பின்னும் பிழிந்தார்.

"பொறுத்துக்கினுதானே இருக்கேன்! போய் அப்பிடியே சொல்லு, புள்ள."

எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் பயின்ற எங்கள் பள்ளியில் 'கினு' என்று எவரேனும் பேசினால் வகுப்பே சிரிக்கும். ஆகவே மாமியின் சொல்லை வழியெல்லாம் திருத்திக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். வாசலில் நின்ற அத்தாவிடம், "பொறுத்துக்கிட்டாங்களாம் அத்தா" என்றேன். தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று மாமி சொன்னது, மன்னித்துவிட்டார் என்றாகி வந்து சேர்ந்தது.

"வேற எதனா சொன்னாங்களா?"

வேறெதுவும் பேசாதே என்பது கட்டளையல்லவா? "இல்லத்தா" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நெடுமூச்செறிந்து என் தலையைத் தடவினார். அன்று மாலை பிறை கண்டவர்களில் முதல்வர் அவர்தாம். அந்த மாதம் முழுவதும் தராவீஹ் இரவுத் தொழுகை ஒன்றும் தவறவில்லை. கண்ணீர் மல்கத் தொழுதார். மாமியின் தெருப்பக்கம் மட்டும் போகவில்லை.

சொல்லைப் பிழையாகக் கொண்டுவந்த குற்றம் என்னுடையது என்றே பல ஆண்டுகள் வருந்தினேன். ஆனால் அதே பேச்சைப் பேசி அந்த அக்காவோடு வளர்ந்த அத்தா, அவர் என்ன வார்த்தையால் சொன்னார் என்று என்னிடம் கேட்கவில்லை. எந்த விடை வந்தால் நிம்மதியாக நோன்பு நோற்கலாமோ, அந்த விடையை மட்டுமே கொண்டுவரக்கூடிய வயது எனக்கு. என்னை அனுப்பியதே அதற்காகத்தான் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.