மீன் விற்ற ஜி.பி.எஸ்

போன வருஷம் ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவிக்கு அரசு வேலைக்கான பரீட்சை. நாங்கள் இருப்பது பூதப்பாண்டி பக்கம், வயல் சூழ்ந்த ஊர். பரீட்சை மையமோ திருவட்டாற்றையும் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதன்பிறகு அழுது புரண்டாலும் உள்ளே விடமாட்டார்கள். இரண்டு வருஷமாக விடியுமுன் எழுந்து படித்தவள் அவள்.

"வழி தெரியுமா?" என்று முதல் நாளே கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஜி.பி.எஸ் கருவி வீட்டில் சும்மா கிடந்தது. தோட்டத்துக்குள் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது, இதற்கு அந்தக் கவலை இல்லை. ஒரே குறை, பைக் ஓடும் சத்தத்தில் அது பேசுவது காதில் விழாது. ஹெல்மெட்டுக்குள் மாட்டும் ஸ்பீக்கர் ஒன்று வாங்கியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கையில் ஸ்குரூடிரைவர் இருந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது.

என் பைக் கடற்கரைப் பக்கம் ஒரு மீன் வியாபாரியிடம் வாங்கியது. நாங்கள் சுத்த சைவம். மூன்று தடவை கழுவித்தான் வீட்டு வாசலில் ஏற்றினேன். ஆனால் முன்னால் இருந்த ஒலிபெருக்கியையும், சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயரையும் கழற்ற மனசு வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஜி.பி.எஸ்ஸிலிருந்து ஒரு வயரை இழுத்து அதில் சொருகினேன். இங்கிலீஷ்காரி ஒருத்தி தெருவே கேட்கும்படி "டர்ன் லெஃப்ட்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் தக்கலை வரை ராஜபோகம். ஜங்ஷனில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். திருவட்டாறு தாண்டியதும் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கிக் குதித்தது. வயர் கழன்றது. உடனே ஆம்ப்ளிஃபயர் தானாகவே மெமரி கார்டுக்கு மாறிவிட்டது. அதற்குள் ஒரு கார்டு இருப்பதே எனக்குத் தெரியாது.

"சாளை, நெத்தோலி, அயலை! துடிக்கத் துடிக்க வந்திருக்கு! சட்டியோட ஓடி வாங்க மக்கா!"

சாட்சாத் பழைய ஓனர் மீன் விற்கப் பதிவு செய்து வைத்திருந்த குரல். நெற்றியில் விபூதியும் கையில் ஹால் டிக்கெட்டுமாகப் பின்னால் இருந்தவள் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அணைக்கும் சுவிட்ச் சீட்டுக்கு அடியில், சீட்டின் மேல் அவள். மணி எட்டரை. இறங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று ஓட்டினேன். ஜி.பி.எஸ் என் சட்டைப்பைக்குள்; வழி சொல்ல ஆளில்லாமல் எங்கோ தப்பாகத் திரும்பிவிட்டேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் ரப்பர் மரம். "யாருட்டயாவது கேளுங்க" என்று கெஞ்சினாள். இந்தக் கூப்பாட்டோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கடைசியில் ரோடே ஒரு வீட்டு முற்றத்தில் போய் முடிந்தது.

அதற்குள் சட்டிகளோடு ஐந்தாறு பெண்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மீன் எங்க அண்ணே?"

"மீன் இல்லை."

"மீனில்லாமலா இந்தக் கூப்பாடு?"

மனைவி இறங்கி அழவே ஆரம்பித்துவிட்டாள். மணி எட்டே முக்கால். ஹால் டிக்கெட்டை நீட்டி, விக்கி விக்கி விஷயத்தைச் சொன்னாள். நைட்டியின் மேல் துண்டு போட்டிருந்த ஒரு அக்கா அதை வாங்கிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அவருடைய மண்சட்டி என் கையில் இருந்தது.

"கரையாத மக்கா, கண்ணத் தொடச்சுக்கோ. தோட்டத்துக்குள்ள கூடிப் போனா பத்து மினிட்டு. ஏறு எனக்க ஸ்கூட்டியில" என்றவர், என்னைப் பார்த்து, "அண்ணன் பின்னால பைய வாங்க. முதல்ல அத அணைச்சுப் போடுங்க" என்றார்.

இருவரும் பறந்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து மீன்சட்டியைத் தொடாத நான் அதைப் பிடித்துக்கொண்டு நடு முற்றத்தில் நின்றேன். மற்ற பெண்கள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே வழி சொன்னார்கள். சட்டியை டேங்க் மேல் வைத்து, ஒரு கையால் அணைத்தபடி ஊர்ந்து போனேன்.

போய்ச் சேரும்போது ஒன்பது பத்து. கேட் பூட்டியிருந்தது. வெளியே அந்த அக்கா மட்டும் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றார்.

"உள்ள போயாச்சு. ரெண்டு மினிட்டு பாக்கி இருந்துது" என்றார்.

கண் கலங்கிவிட்டது. சட்டியை நீட்டினேன். "ஒடையாமக் கொண்டு வந்திட்டீங்களே" என்று சிரித்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

மனைவி தேர்வாகி இப்போது வேலைக்குப் போகிறாள். நானும் வழி தெரியாவிட்டால் முதலில் கண்ணில் படுகிறவரிடமே கேட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு நினைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது. அந்த அக்கா எங்களுக்காகப் பள்ளிக்கூட கேட் அருகே காத்து நின்ற நேரத்தில், நிஜ மீன்காரர் அவர் தெருவுக்கு வந்துவிட்டுப் போயிருப்பார். எங்களால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் மீன்குழம்பு இல்லாமல் போயிருக்கும் என்று எண்ணும்போதெல்லாம், மீனே தொடாத எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.